சிவப்புப் புள்ளி நிற்கும் இடம்: டீபக்கர் பற்றி வாசகர் கேள்விகள்

நிரல் எழுத உதவும் வி.எஸ். கோட் எடிட்டரைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை டீபக்கரைத்தான் கேட்கின்றன. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி அது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, மூன்று வருடமாகப் பைத்தான் எழுதுகிறேன். பிழை வந்தால் நாலு இடத்தில் பிரிண்ட் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். டீபக்கரும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பிரிண்ட் போடுவதில் தப்பே இல்லை, தம்பி. பத்து இருபது வரி நிரல் என்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் செய்வேன். ஆனால் பிரிண்டுக்கு ஒரு குறை உண்டு. நீங்கள் எதைச் சந்தேகப்படுகிறீர்களோ அதை மட்டும்தான் அது காட்டும். சந்தேகமே வராத இடத்தில் பிழை உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் எனக்கு நடந்தது இது. ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கில், மாத நடுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சில மாதங்களில் ஒரு நாள் சம்பளம் குறைந்து வந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரிண்ட் போட்டேன். அடிப்படைச் சம்பளம், பிடித்தம், விடுப்பு, சேர்ந்த தேதி, எல்லாம் சரியாகவே இருந்தன. நான்காவது நாள் பக்கத்து இருக்கைக்காரர் வந்து, கணக்குப் போடும் வரியில் ஒரு பிரேக் பாயின்ட், அதாவது நிரல் நிற்க வேண்டிய இடத்தின் குறி, வைத்து நிரலை நிறுத்தினார். இடது பக்கம் விரிந்த வேரியபிள் பட்டியலை, அதாவது நிரலில் பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலை, மேலிருந்து கீழே, மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். 'மாதத்தின் நாட்கள்' என்ற இடத்தில், ஆகஸ்ட் மாதத்துக்கு, 30 என்று இருந்தது. யாரோ எப்போதோ நிலையாக எழுதி வைத்த 30. அதை நான் ஒருமுறைகூட அச்சிட்டுப் பார்த்ததில்லை, ஏனென்றால் அது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு டீபக்கர் என்றால் முதலில் அந்தப் பட்டியல்தான். யூகிப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதை இருக்கிறபடி பார்க்க வைக்கும்.

தொடங்குவதற்கு அதிகம் தெரிய வேண்டாம். வரி எண்ணுக்கு இடது பக்கம் கிளிக் செய்தால், அல்லது எஃப்9 அழுத்தினால், சிவப்புப் புள்ளி விழும். எஃப்5 அழுத்தினால் நிரல் ஓடி அந்த வரியில் நிற்கும். நிற்கிற வரி இன்னும் ஓடவில்லை, அடுத்து ஓடப்போவது அதுதான். புதிதாக வருபவர்கள் இதில்தான் முதலில் குழம்புகிறார்கள். எஃப்10 ஒரு வரி முன்னே போகும். அந்த வரியில் ஒரு ஃபங்ஷன் (பெயரிட்ட துணை நிரல்) அழைக்கப்பட்டால், அதன் உள்ளே போக எஃப்11, உள்ளேயிருந்து வெளியே வர ஷிப்டோடு எஃப்11.

இடது பக்கத்தில் 'கால் ஸ்டாக்' என்று ஒரு பகுதி இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை, எனக்கு அதில் வருத்தம். இந்த ஃபங்ஷனை யார் அழைத்தது, அவரை யார் அழைத்தது என்ற வம்சாவளி அது. அதில் ஒரு படி கீழே கிளிக் செய்தால், அழைத்தவரின் வேரியபிள்கள் அப்படியே கண்முன் வரும். உள்ளே வந்து சேர்ந்த தப்பான மதிப்பு எந்த வாசல் வழியாக வந்தது என்று அங்கேதான் தெரியும். உங்கள் மூன்று வருடப் பழக்கத்தை விட வேண்டாம். அடுத்த பிழைக்கு ஒரே ஒருமுறை புள்ளி வைத்துப் பாருங்கள்.

டெர்மினலில் நன்றாக ஓடும் என் பைத்தான் நிரல், எஃப்5 அழுத்தினால் மட்டும் 'மார்க்ஸ்.சிஎஸ்வி என்ற ஃபைல் இல்லை' என்கிறது. ஃபைல் அதே ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது.
– கல்லூரி மாணவி, தேனி

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பெரிய ஃபோல்டரை எடிட்டரில் திறந்து, அதற்குள் 'லேப்3' என்ற ஃபோல்டரில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். டெர்மினலில் நீங்கள் முதலில் லேப்3-க்குள் போய்விட்டு நிரலை ஓட்டுகிறீர்கள். எஃப்5 அப்படிப் போவதில்லை. எடிட்டரில் திறந்திருக்கும் பெரிய ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுகிறது. அங்கே மார்க்ஸ் ஃபைல் இல்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எஃப்5-ல் பிழை வந்ததும் அந்த வரியிலேயே நிரல் நின்றிருக்கும். பிடிக்கப்படாத பிழை வந்தால் நிற்பது பைத்தான் டீபக்கரின் வழக்கம். அந்த நேரத்தில் பதறி நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். கீழே 'டீபக் கன்சோல்' திறந்து, ஓ.எஸ். மாட்யூலை இம்போர்ட் செய்து, அதன் கெட்-சி.டபிள்யூ.டி ஃபங்ஷனை அழையுங்கள். நிரல் எங்கே நிற்கிறது என்று முழு முகவரியோடு சொல்லும்.

சரி, இதைத் திருத்த லாஞ்ச்.ஜேசன் என்ற அமைப்பு ஃபைல் வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டீபக் பக்கம் வரும். அதில் லாஞ்ச்.ஜேசன் உருவாக்கச் சொல்லும் இணைப்பு இருக்கும். அழுத்தி, பைத்தான் டீபக்கரையும் 'பைத்தான் ஃபைல்' என்பதையும் தேர்ந்தெடுத்தால், புள்ளியில் தொடங்கும் 'விஎஸ்கோட்' ஃபோல்டருக்குள் அது பிறக்கும். உள்ளே நாலைந்து வரிதான். 'நேம்' நீங்கள் வைக்கும் பெயர், 'லேப் 3 மதிப்பெண்' என்று தமிழிலேயே எழுதலாம், மேலே உள்ள பட்டியலில் அப்படியே தெரியும். 'டைப்' என்பது எந்த மொழியின் டீபக்கர் என்பது. பழைய பாடங்களில் இங்கே 'பைத்தான்' என்று இருக்கும், இப்போது 'டீபக்-பை'. 'ரெக்வெஸ்ட்' இரண்டே வகை: லாஞ்ச் என்றால் எடிட்டரே நிரலைத் தொடங்கும், அட்டாச் என்றால் ஏற்கெனவே ஓடுகிற நிரலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு வேண்டியது, நிரல் எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும் என்று சொல்லும் 'சி.டபிள்யூ.டி' என்ற வரி. அதில் லேப்3 ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தால், அந்த ஃபைலுக்குள் புது வரியில் நின்று கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்துங்கள். எழுதக்கூடிய பெயர்கள் எல்லாம் விளக்கத்தோடு வரும். நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை, அப்படித்தான் எழுதுகிறேன்.

இதே ஃபைலில் 'ஆர்க்ஸ்' என்ற இடத்தில் கமாண்ட் லைன் மதிப்புகளை (நிரலைத் தொடங்கும்போது கூடவே தரும் சொற்களை) கொடுக்கும்போது, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி மேற்கோளுக்குள் போடுங்கள். இரண்டு சொல்லையும் ஒரே மேற்கோளுக்குள் அடைத்தால் நிரலுக்கு அது ஒரே சொல்லாகப் போய்ச் சேரும். அப்புறம், 'மாட்யூல் இல்லை' என்ற பிழை எஃப்5-ல் மட்டும் வந்தால் அது வேறு கதை. எடிட்டர் வேறொரு பைத்தானைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், பி அழுத்தி, 'செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்று தேடி, உங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்டை (இந்த வேலைக்கென்று தனியாக வைத்த பைத்தானை) காட்டிக் கொடுங்கள்.

என் லேப்டாப்பில் எஃப்10, எஃப்11 அழுத்தினால் சத்தம் கூடுகிறது, திரை மங்குகிறது. டீபக்கர் நகரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

'எஃப்என்' பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்களில் இந்த வழக்கத்தை நிரந்தரமாக மாற்றியும் வைக்கலாம். அதுவரை, டீபக்கர் ஓடும்போது மேலே மிதக்கும் சின்னப் பட்டையில் இருக்கும் பொத்தான்களைக் கிளிக் செய்தாலும் போதும்.

நான் பள்ளி ஆசிரியை. இரண்டு மாணவர் பட்டியலை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவர்களைக் கண்டுபிடிக்கப் பைத்தானில் சின்ன நிரல் எழுதினேன். கமலா, முருகன் எல்லாம் பொருந்துகிறார்கள். கோமதி, பொன்னி, கௌரி போன்ற பெயர்கள் இரண்டு பட்டியலிலும் இருந்தும் 'இல்லை' என்கிறது. ஸ்பேஸ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?
– ஆசிரியை, புதுக்கோட்டை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், டீச்சர். பொருந்தாத பெயர்களை நீங்களே பிரித்து வைத்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. உங்கள் நிரலில் தப்பே இல்லை. தப்பு எழுத்துக்குள் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் டீபக்கரைக் கொண்டு பார்ப்போம்.

பெயர்களை ஒப்பிடும் வரியில் புள்ளி வைத்தால், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் நிற்கும். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு எஃப்5 அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்தச் சிவப்புப் புள்ளியின்மேல் வலது கிளிக் செய்து, பிரேக் பாயின்டைத் திருத்தும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிபந்தனை எழுதுங்கள். பெயரில் 'மதி' இருந்தால் மட்டும் நில் என்று. 'கோமதி' என்று முழுதாக எழுதாதீர்கள், ஏனென்றால் சிக்கலே அந்த 'கோ'வில்தான் இருக்கிறது. நிபந்தனையே பொருந்தாமல் போய்விடும். எந்தப் பட்டியலின் பெயர்மேல் லூப் ஓடுகிறதோ அந்த வேரியபிளையே நிபந்தனையில் வையுங்கள்.

நின்றதும் டீபக் கன்சோலில் அந்தப் பெயரின் நீளத்தை 'லென்' போட்டுக் கேளுங்கள். அடுத்து மற்றப் பட்டியலில் இருக்கும் கோமதிக்கும் அதே கேள்வி. ஒன்று 5 என்று சொல்லும், மற்றொன்று 6 என்று சொல்லும். இரண்டும் திரையில் ஒரே கோமதிதான்!

இன்னும் கிட்டே போவோம். ஒவ்வொரு எழுத்தையும் 'ஆர்டு' ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாகக் கேளுங்கள். முதல் கோமதி இப்படி வருவாள்: 2965, 3019, 2990, 2980, 3007. இரண்டாவது கோமதி: 2965, 3015, 3006, 2990, 2980, 3007. 2965 என்பது 'க'. அதற்கு அடுத்து முதல் பட்டியலில் 3019 என்ற ஒரே குறி, அது 'ோ'. இரண்டாவது பட்டியலில் அதே ஒலிக்கு இரண்டு குறிகள்: 3015 என்ற இரட்டைக் கொம்பு, 3006 என்ற கால். கையால் எழுதும்போது கொம்பு, க, கால் என்று நாம் எழுதுவதைப்போலப் பிரித்துப் பதிந்திருக்கிறது. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு குறிக்கும் இப்படி ஓர் எண் தரும் பொது முறைக்கு, மாற்றிய கோப்புகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களுக்கும், ஔ என்ற எழுத்துக்கும் மட்டும் இந்தச் சிக்கல் வரும். கமலாவும் முருகனும் தப்பித்தது அதனால்தான்.

தீர்வு எளிது. யூனிகோட்-டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. 'என்.எஃப்.சி' என்ற முறையைச் சொல்லி இரண்டு பட்டியலின் பெயர்களையும் அதன் வழியாக அனுப்புங்கள். கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கோமதி, பொன்னி பொருந்திவிடுவார்கள்.

கௌரி பொருந்தாமலே இருக்கலாம். அதையும் நிறுத்திப் பாருங்கள். 'கௌ' என்பதில் கொம்பும் 3031 என்ற ஔகாரக் குறியும் தனித்தனியாக இருந்தால் நார்மலைஸ் அதையும் 3020 என்ற ஒரே குறியாகச் சேர்த்துவிடும். ஆனால் பலர் அந்தக் குறிக்குப் பதிலாக, பார்க்க அப்படியே இருப்பதால், 'ள' என்ற எழுத்தையே தட்டியிருப்பார்கள். அப்போது உங்களுக்கு 3014, 2995 என்று தெரியும். 2995 முழுமையான ளகரம், யூனிகோட் விதிப்படி அது ஔகாரத்தில் ஒரு பகுதி அல்ல. அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது.

இங்கே ஒரு அவசர வழி மனதில் வரும்: கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். வெள்ளையம்மாள் என்ன ஆவாள் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாவற்றிலும் அதே வரிசை நியாயமாகவே இருக்கிறது. ஒரு குழந்தையின் பெயரை நிரல் சிதைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக லாக்பாயின்ட் ஒன்று வையுங்கள். புள்ளி வைக்கும் இடத்தில் வலது கிளிக் செய்து 'ஆட் லாக்பாயின்ட்' தேர்ந்தெடுத்தால், சிவப்பு வட்டத்துக்குப் பதிலாகச் சிவப்புச் சாய்சதுரம் விழும். அது நிரலை நிறுத்தாது. நீங்கள் எழுதிய செய்தியை டீபக் கன்சோலில் எழுதிக்கொண்டே போகும். நெளி அடைப்புக்குள் வேரியபிளின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பும் வரும். ஒப்பிடும் இடத்துக்கு முன்னால், கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் பெயர்களுக்கென்று ஒரு 'இஃப்' எழுதி, அதற்குள் உள்ள வரியில் இந்தச் சாய்சதுரத்தை வைத்து ஓடவிட்டால், அந்தப் பெயர்கள் மட்டும் பட்டியலாக வந்துவிடும். ஒரு பள்ளியில் அப்படி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கௌரி, சௌந்தர்யா, மௌனிகா யார் யார் என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். அவர்களை மட்டும் கையால் திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. டீபக் கன்சோலில் எழுதுவது வெறும் பார்வை அல்ல, அது உண்மையிலேயே ஓடுகிறது. பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துவிடும் 'பாப்' போன்றவற்றை அங்கே அழைத்தால் உங்கள் பட்டியலில் நிஜமாகவே ஒரு மாணவர் குறைவார்.

சி நிரலில் புள்ளி வைக்கிறேன். எஃப்5 அழுத்தியதும் அது சாம்பல் நிற வட்டமாகிவிடுகிறது, நிரல் நிற்காமல் ஓடி முடிகிறது.
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

சாம்பல் வட்டம் என்றால், 'இந்த வரி ஓடுகிற நிரலில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை' என்று டீபக்கர் சொல்கிறது. நீங்கள் டெர்மினலில் ஜி.சி.சி. கொண்டு கம்பைல் செய்யும் (இயங்கும் வடிவுக்கு மாற்றும்) கட்டளையை எழுதியிருக்கிறீர்கள், அதில் கழித்தல் குறியோடு 'ஜி' இல்லை. அதைச் சேர்த்தால்தான் எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பு நிரலோடு சேரும். கூடவே 'ஓ2' என்று வேகப்படுத்தும் கட்டளையும் இருக்கிறது, அதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மஞ்சள் அம்புக்குறி வரிகளுக்கு இடையில் முன்னும் பின்னும் தாவும், சில வேரியபிள்களுக்கு மதிப்பே தெரியாது. இரண்டும் செய்தபிறகும் நிற்கவில்லை என்றால், லாஞ்ச்.ஜேசனில் 'ப்ரோகிராம்' காட்டுவது நீங்கள் இப்போது கம்பைல் செய்த ஃபைல்தானா, போன வாரத்து ஃபைலா என்று பாருங்கள்.

நோட் ஜே.எஸ்.-ல் பயனரிடம் பெயர் கேட்கும் நிரல். டீபக் செய்யும்போது பெயரைத் தட்டினால் ஏதோ பிழை வருகிறது.
– வாசகி, திருச்சி

நீங்கள் தட்டுவது டீபக் கன்சோலில். அங்கே எதைத் தட்டினாலும் அதை நிரல் வரியாக எடுத்துக்கொள்ளும், பயனரின் பதிலாக அல்ல. லாஞ்ச்.ஜேசனில் 'கன்சோல்' என்ற வரியைச் சேர்த்து 'இன்டக்ரேட்டட் டெர்மினல்' என்று கொடுங்கள். பிறகு டெர்மினல் தாவலில் பெயரைத் தட்டலாம்.

எங்கள் ஜாங்கோ சர்வர் டாக்கருக்குள் ஓடுகிறது. அட்டாச் செய்தால் இணைகிறது, ஆனால் ஒரு புள்ளியும் நிற்பதில்லை. சீனியரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஐ.டி. ஊழியர், சென்னை

தயங்க வேண்டாம், கேட்கலாம். இந்தச் சிக்கலில் மாட்டாத சீனியரை நான் பார்த்ததில்லை.

இணைந்தும் நிற்கவில்லை என்றால் முதலில் முகவரியைச் சந்தேகப்படுங்கள். உங்கள் கணினியில் நிரல் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. நிரலைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் கருவியான டாக்கருக்குள் அதே நிரல் 'ஆப்' போன்ற வேறொரு ஃபோல்டரில் இருக்கிறது. நீங்கள் புள்ளி வைத்த ஃபைலும் அங்கே ஓடுகிற ஃபைலும் ஒன்றுதான் என்று டீபக்கருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் லாஞ்ச்.ஜேசனில் 'பாத் மேப்பிங்ஸ்'. அதில் 'லோக்கல் ரூட்' உங்கள் ஃபோல்டர், 'ரிமோட் ரூட்' டாக்கருக்குள் இருக்கும் ஃபோல்டர். ஓர் எழுத்து மாறினாலும் புள்ளி சாம்பலாகும். சரிபார்க்க டாக்கருக்குள் ஷெல் திறந்து, ஜாங்கோவின் மேனேஜ் ஃபைல் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

இரண்டாவது, பைத்தான் இணையதளக் கட்டமைப்பான ஜாங்கோவின் தானியங்கி மறுதொடக்கம். சர்வரைத் தொடங்கும் ரன்சர்வர் கட்டளை இரண்டு ப்ராசஸ்களை (தனித்தனியாக ஓடும் நிரல்களை) கிளப்பும். ஒன்று ஃபைல்கள் மாறுகின்றனவா என்று காவல் பார்க்கும், மற்றொன்று உண்மையான வேலையைச் செய்யும். டீபக்கர் காவல்காரரிடம் போய் ஒட்டிக்கொண்டால் உங்கள் வரிகள் அங்கே ஓடாது. 'நோ ரீலோட்' என்ற வாய்ப்போடு சர்வரைத் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பியிருக்கும் அமைப்பில் 5678 என்ற போர்ட்டை எல்லா முகவரிக்கும் திறந்து வைத்திருக்கிறீர்கள். டாக்கருக்குள் டீபக்-பை 0.0.0.0-ல், அதாவது எல்லா முகவரியிலும், கேட்பது சரி, இல்லையென்றால் வெளியிலிருந்து எட்டாது. ஆனால் அந்தப் போர்ட்டை வெளியே கொண்டுவரும்போது 127.0.0.1 என்று முன்னால் சேர்த்து, உங்கள் கணினிக்கு மட்டும் திறங்கள். அந்தப் போர்ட்டில் இணைகிறவர் யாராக இருந்தாலும் உங்கள் சர்வருக்குள் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியும், கடவுச்சொல் எதுவும் கேட்காது. அலுவலக நெட்வொர்க்தானே என்று விட்டுவிடாதீர்கள், இன்றைக்கே மாற்றுங்கள். வாடிக்கையாளர்களுக்கு ஓடும் சர்வரில் இந்த வரிகள் இருக்கவே கூடாது.

பொதுவான டெஸ்ட் சர்வரில் அட்டாச் செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் புள்ளி நிற்கும் வரை அந்தப் பக்கத்தைத் திறந்த டெஸ்டிங் குழுவினரின் திரையும் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கே சிவப்பு வட்டம் வைக்காமல், புதுக்கோட்டை டீச்சருக்குச் சொன்ன சாய்சதுரத்தை வையுங்கள்.